மேனோவுக்கு மூன்று நாள்

“உனக்கு ஓய்வு வேணும்னா நீ எங்க போவ?” என்று ராஸ்தியிடம் ஒரு நாள் ஒரு டச்சுக்காரி கேட்டாள்.

கேட்கும்போது அவள் குப்புறப் படுத்திருந்தாள். முகம் மசாஜ் மேசையின் ஓட்டைக்குள் இருந்ததால் கேள்வி தரையிலிருந்து வருவதுபோல வந்தது. ராஸ்தி அவளுடைய தோள்பட்டையில் எண்ணெய் விட்டு நீவிக்கொண்டிருந்தாள். பாலியில், சானூர் கடற்கரை ஓரத்தில் இருந்த அந்த மசாஜ் நிலையத்தில் பதினேழு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. எவ்வளவோ முதுகுகளைப் பார்த்தாயிற்று. பெரும்பாலான முதுகுகள் தூங்கிவிடும். கேள்வி கேட்கிற முதுகு அபூர்வம்.

“மேனோவுக்கு” என்றாள் ராஸ்தி, யோசிக்காமல்.

யோசிக்கத் தேவையே இல்லை. வாசல் மேசையில் மேனோ தீவுக்குப் போகிற படகுக்காரர்களின் விளம்பரக் காகிதம் பதினோரு வருஷமாகக் கிடக்கிறது. எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் அதைத்தான் ஒப்பிப்பாள்.

“அங்க காரு கிடையாது. மோட்டார் சைக்கிள் கிடையாது. குதிரை வண்டி மட்டும்தான். ஒண்ணரை மணி நேரத்துல தீவையே நடந்து சுத்திடலாம். நடுவுல ஒரு உப்பு ஏரி. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தண்ணில இறங்கினா ஆமை பாக்கலாம்.”

“அப்படியா? கடைசியா எப்ப போன?”

“போன வருஷம்.”

பொய் எண்ணெயோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ராஸ்தி மேனோவைக் கண்ணால் பார்த்ததில்லை. பாதங்பாய் துறையில் நின்று, படகு போகிற திசையைக்கூடப் பார்த்ததில்லை.

டச்சுக்காரி அவள் பேச்சைக் கேட்டுப் போய்விட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். மூக்கெல்லாம் தோல் உரிந்து, கண்ணெல்லாம் சிரிப்பாக இருந்தது. “நீ சொன்னது அத்தனையும் நிஜம். நீ எந்தப் பக்கம் தங்கின?” என்று கேட்டாள்.

“கிழக்குப் பக்கம்” என்றாள் ராஸ்தி.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் ஊருக்குத் திரும்பும்போது, லாரிக்கும் லாரிக்கும் நடுவே புகையில் நின்றபடி அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இன்னொரு முதுகு கேட்பதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும். இரண்டு ராத்திரி, மூன்று பகல். போக வேண்டும், படுக்க வேண்டும், எழுந்தால் எழ வேண்டும், இல்லாவிட்டால் இல்லை.

முடிவு செய்வது சுலபமாக இருந்தது. நாள் கிடைப்பதுதான் பாடாக இருந்தது.

சமையலறைச் சுவரில் காலண்டர் தொங்கியது. பாலியில் எந்த வீட்டுக் காலண்டரிலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. எறும்பு ஊர்ந்ததுபோல ஒவ்வொரு தேதிக்கடியிலும் ஏதாவது எழுதியிருக்கும். பௌர்ணமி, அமாவாசை. கத்திக்கும் காருக்கும் பூசை போடுகிற சனிக்கிழமை ஒன்று, மரத்துக்கு ஒன்று, மாட்டுக்கும் பன்றிக்கும் ஒன்று. வீட்டுக் கோயில் திருவிழா, புருஷன் வம்சத்துக் கோயில் திருவிழா, பிறந்த வீட்டுத் திருவிழா, ஊர்க் கோயில் மூன்றுக்கும் தனித்தனித் திருவிழா. அச்சடிக்க இடமில்லாத விசேஷங்களை ராஸ்தியே பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்: யாரோ ஒரு பையனுக்குப் பல் ராவுகிற சடங்கு, யாரோ ஒரு குழந்தை முதல்முதலாக மண்ணை மிதிக்கிற சடங்கு. இதெல்லாம் போதாதென்று, தெருக் குடும்பங்களெல்லாம் சேர்ந்த பஞ்சாரில் யாராவது செத்துப்போனால் மரமுரசு அடிக்கும். அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

அப்படியே தப்பித்தவறி இரண்டு நாள் காலியாக இருந்தாலும் அன்றைக்கு நிலையத்தில் லீவு கிடைக்காது. திருவிழா என்றால் முதலாளி மறுபேச்சில்லாமல் லீவு கொடுப்பார். சும்மா இருக்க லீவு என்று யாரும் கேட்டதும் இல்லை, அவர் கொடுத்ததும் இல்லை.

“போய்க் கேளேன்” என்றாள் சுலாத்ரி. நிலையத்தில் பக்கத்து மேசைக்காரி. மதியம் இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரித்திருந்தார்கள். “ஐயா, எனக்கு ஒண்ணும் செய்யாம படுத்திருக்க மூணு நாள் லீவு வேணும்னு கேளு.”

“கேட்டா?”

“சிரிப்பார். பாவம், அவரும் சிரிச்சு ரொம்ப நாளாச்சு.”

“லீவு இருக்கிற நாள்ல சாமி இருக்கு. சாமி இல்லாத நாள்ல லீவு இல்ல. நான் எந்த வழியாடி போறது?”

“என்னைக் கேட்டா? நான் இன்னிக்கு ராணி. காலைல ஆறரை மணி வரைக்கும் தூங்கினேன் தெரியுமா? ஓலையில பூத்தட்டு பின்னலை, ஊதுபத்தி ஏத்தலை, சன்னதிப் பக்கமே திரும்பலை. எல்லாம் என் மாமியார் செஞ்சாங்க.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“விலக்குடி.” சுலாத்ரி மிளகாயைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “இன்னும் ரெண்டு நாளைக்கு ஒரு கோயிலும் என்னைக் கூப்பிட முடியாது.”

ராஸ்தி வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்துபோனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். விலக்காகிற நாளையெல்லாம் கட்டத்தின் மூலையில் ஒரு புள்ளி வைப்பது அவள் வழக்கம். இருபத்தேழு நாளைக்கு ஒரு புள்ளி; வந்தால் ஆறு நாள் இருக்கும். மகள் வயிற்றில் இருந்த மாதங்களைத் தவிர முப்பது வருஷமாகத் தவறியதில்லை. அவள் விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனாள். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம், அதற்கும் அடுத்து. புள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய் உட்கார்ந்தது. அதற்கு அடுத்த புதன்கிழமை ஊர்ப் பெரிய கோயில் திருவிழா தொடக்கம். அதற்காக நிலையத்தில் செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள் லீவு.

சாமியின் பெயரால் லீவு. விலக்கின் பெயரால் சாமியிடமிருந்து விடுதலை. இரண்டும் ஒரே வாரத்தில். ராஸ்தி எண்ணியதை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு புதன்கிழமை காலைப் படகுக்கு இடம் சொன்னாள். மேனோவில் கிழக்குப் பக்கமாகப் பார்த்து ஒரு குடிசை அறையும் பிடித்தாள்.

புருஷன் தர்சாவிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. அவன் சுற்றுலாக்காரர்களுக்குக் கார் ஓட்டுகிறவன். காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னாள்.

“மேனோவா? தனியாவா?”

“தனியாத்தான்.”

“நானும் வரட்டுமா?”

“நீங்க வந்தா காலைல காப்பி யாரு போடுவா?”

“நீதான்.”

“அதனாலதான் தனியா போறேன்.”

தர்சா சிரித்துவிட்டான். “சரி போ. காரே இல்லாத ஊர்ல டிரைவருக்கு என்ன வேலை? ஆனா, அண்ணிகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லவே வேண்டியிருக்காது. ஞாயித்துக்கிழமை எனக்கு ஆயிடும். அப்புறம் நான் எங்க இருந்தா அவங்களுக்கு என்ன?”

“சாமிகிட்டயே கணக்குப் போடுற.”

“கணக்குப் போட்டு அனுப்பினதே சாமிதான்.”

அண்ணி என்று அவன் சொன்னது சுவார்த்தியை. தர்சாவின் அண்ணன் மனைவி, ராஸ்திக்கு ஓரகத்தி. ஒரே மதில் சுவருக்குள் முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் இவள் வீடு, நடுவில் பொதுவாக வீட்டுக் கோயில். பஞ்சாரில் திருவிழாப் படையல் செய்கிற பெண்களுக்கெல்லாம் சுவார்த்திதான் தலைவி. ஐம்பத்தாறு வயது. நூறு பழக்கூடைகளுக்கு நடுவே ஒரு கூடையில் ஒரு மங்குஸ்தான் குறைந்தாலும் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். யார் என்றைக்கு விலக்கு, யார் என்றைக்குத் தலைக்குக் குளித்தாள் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தால்தானே யாருக்கு எந்த வேலை என்று பிரிக்க முடியும்?

ராஸ்திக்கு அவள் ஒதுக்குவது எப்போதும் மாவு வேலை. முதுகை நீவிப் பழகிய கை என்பதால் அரிசி மாவை அவளைப்போல் பிசைய அந்த ஊரில் ஆளில்லை. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சாயம் கலந்து, சூரியன், நிலா, மீன், மரம், உலகத்தைத் தாங்குகிற ஆமை என்று உருவம் செய்து, எண்ணெயில் பொரித்து, ஆள் உயரத்துக்கும் மேலான சட்டத்தில் வரிசை வரிசையாகக் கட்டுவார்கள். அது எழுந்து நின்றால்தான் திருவிழா தொடங்கியதுபோல.

தன்னால் யாருக்கும் பாரம் வரக்கூடாது என்று ராஸ்தி மூன்று வாரத்துக்கு முன்பே மாவு இடித்துத் தொடங்கினாள். விலக்காகிவிட்டால் படையல் பொருளைத் தொடக்கூடாது. அதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வேலையிலிருந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல் மாவோடு உட்கார்ந்துவிடுவாள்.

“என்ன, இந்தத் தடவை கை பறக்குது?” என்று முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து சுவார்த்தி கேட்டாள்.

“கடைசி நேரத்துல வேலை சேரக்கூடாது பாருங்க, அக்கா.”

“ஞாயித்துக்கிழமைதானே உனக்கு?”

பார்த்தாயா! “ஆமாக்கா” என்றாள் ராஸ்தி. மாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அப்ப சட்டம் கட்டுறதுக்கு வேற கை தேடணும். சரி, உன்னைச் சொல்லி என்ன, உடம்பு செய்யறது.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உடம்பு ஒன்றும் செய்யவில்லை.

ராஸ்தி அன்றைக்கு நாலைந்து தடவை குளியலறைக்குப் போய்விட்டு வந்தாள். திங்கட்கிழமை விடிந்தபோதும் ஒன்றும் இல்லை. வழக்கம்போல எழுந்து, பூத்தட்டு பின்னி, ஊதுபத்தி ஏற்றி, வீட்டுச் சன்னதியில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. முற்றத்துக்கு அப்பாலிருந்து சுவார்த்தி பார்த்தாள். 

“அன்னாசி தின்னு” என்றாள் சுலாத்ரி. “பப்பாளிக்காய் தின்னு. மஞ்சளும் புளியும் போட்டு விக்கிறாளே சைக்கிள்காரி, அவகிட்ட ரெண்டு கிளாஸ் வாங்கிக் குடி.”

“குடிச்சாச்சு.”

“மாடிப்படி ஏறி இறங்கு.”

“இறங்கியாச்சு.”

“அப்ப ஒருவேளை...” சுலாத்ரி அவள் வயிற்றைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள்.

“வாயைக் கழுவுடி! நாப்பத்தேழு வயசுல! பொண்ணைக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆச்சு.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு சுலாத்ரி கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள். “நாப்பத்தேழுன்னா நிக்கற வயசும்தான், ராஸ்தி.”

அது ராஸ்திக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றியதைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். அன்றைக்கு எஞ்சியிருந்த மூன்று முதுகுகளையும் அவள் நீவியது கைப் பழக்கத்தில்தான். மனசு காலண்டரில் இருந்தது. இந்த மாதம் தப்பும். அடுத்த மாதம் வரலாம். அதற்கடுத்து வராமலே போகலாம். அப்புறம் எந்தக் கட்டத்திலும் புள்ளி கிடையாது. திருவிழா எழுதிய கட்டங்கள் மட்டும் வருஷா வருஷம் வந்துகொண்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம் பஞ்சார் கூடத்தில் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாது. தென்னங்குருத்தைக் கிழிக்கிற சத்தமும் பேச்சும் ஒன்றாகக் கலந்து கேட்டது. நடுவே சட்டம் நின்றது, ராஸ்தி செய்த உருவங்கள் அதன்மேல் பாதிவரை ஏறியிருந்தன. அவளும் கூட்டத்தில் உட்கார்ந்து ஓலை பின்னிக்கொண்டிருந்தாள். சுவார்த்தி கையில் கத்தியோடு நின்றுகொண்டு ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி நாளைய வேலையைப் பிரித்துக்கொண்டு வந்தாள்.

“ராஸ்தி, நீ விடியக்காலம் உள்மண்டபத்துக்கு வந்துடு. சட்டத்தை உள்ள நிறுத்தினதும் மேல் வரிசை கட்டுறது உன் பொறுப்பு.”

“நான் நாளைக்கு இல்ல, அக்கா.”

“ஏன்? ஆயிடுச்சா?” சுவார்த்தியின் குரல் ஓங்கியது. “அப்ப இங்க உக்காந்து எதுக்கு ஓலை பின்ற? எந்திரி, எந்திரி! யாரு தட்டுல போட்ட?”

பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் தட்டுகளைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஊதுபத்திக் கட்டைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்தாள்.

“ஆகலை, அக்கா. ஓலை சுத்தமா இருக்கு, நானும் சுத்தமாத்தான் இருக்கேன். நாளைக்குக் காலைல நான் மேனோவுக்குப் போறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடுவேன்.”

“மேனோவுலயா? யாரு செத்தா?”

“யாரும் சாகலை.”

“அங்க நமக்கு யாரு இருக்கா?”

“யாரும் இல்ல.”

“பின்ன என்ன வேலை?”

“ஒரு வேலையும் இல்ல, அக்கா. அதுக்குத்தான் போறேன்.”

எங்கேயோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு பலபேர் சிரித்தார்கள். சுவார்த்தி சிரிக்கவில்லை. அவள் கத்தியைச் சட்டத்தின் அடியில் வைத்துவிட்டு ராஸ்தியின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

மீன் விற்கிற ஒருத்தி நல்லெண்ணத்தோடு குறுக்கே புகுந்தாள். “அடியே, இன்னும் பொழுது இருக்கு, ராத்திரிக்குள்ள ஆகாதுன்னு யாரு கண்டா? ஆயிடுச்சுன்னே வச்சுக்குவோமே. நாங்க என்ன கைலியைத் தூக்கியா பாக்கப் போறோம்?”

“அதானே!” என்றாள் இன்னொருத்தி. “என் கொழுந்தன் பையனுக்குப் பல் ராவினப்ப எனக்கு ஆயிடுச்சுன்னு சொல்லித்தான் நான் வீட்டுல தூங்கினேன்.”

“எனக்குத் தெரியும்டி, அந்த மாசத்துல நீ அன்னிக்கு மூணாவது தடவையா ஆன!” என்று மூலையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை சுவார்த்தி காத்திருந்தாள். பிறகு ராஸ்திக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டபடி சொன்னாள். “சொல்லிடு. ஆயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயிடு. நான் ஒண்ணும் கேக்கலை.”

கதவை அவளே திறந்து பிடித்துக்கொண்டு நின்றதுபோல இருந்தது. ஒரு வார்த்தை போதும். நாளைக்குக் காலையில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், திரும்பி வந்த பிறகும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ராஸ்திக்கு அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மேனோவைப் பற்றி இதுவரை சொன்னதெல்லாம் பொய். போவதும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத்தானா? அதைவிட இன்னொன்று அவளை உறுத்தியது. வராத விலக்கைச் சொல்லிவிட்டுப் போனால், போகிறது அவளாக இருக்காது. விலக்குத்தான் போகும், அவள் அதற்குத் துணைக்குப் போவாள்.

“இல்ல, அக்கா” என்றாள் ராஸ்தி. “எனக்கு ஆகலை. உடம்பு நல்லா இருக்கு. கோயிலுக்குள்ள வரலாம், மேல் வரிசை கட்டலாம், எல்லாம் முடியும். முடிஞ்சும் நான் வரப்போறதில்ல. என் பங்கு மாவு வேலை முழுக்க முடிஞ்சு கூடையில இருக்கு. கட்டுறதுக்கு ரெண்டு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கேன். வராதவங்களுக்குப் பஞ்சார்ல என்ன அபராதமோ அதை எனக்கும் போடுங்க, கட்டிடறேன். ஆனா நாளைக்கு நான் போறேன்.”

ஓலை கிழிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

“வேலை முடிஞ்சா போதுமா?” என்றாள் சுவார்த்தி. “சாமி வந்து உக்காரும்போது ஆள் இருக்கணும். மாவு பொம்மையா கும்பிடும்?”

“இருபத்தஞ்சு வருஷமா ஆளா இருந்தேன், அக்கா.”

“நான் முப்பத்தாறு வருஷமா இருக்கேன்!” சுவார்த்தியின் கழுத்து நரம்பு புடைத்தது. “உனக்கு மாசம் மூணு நாளாவது இருந்துச்சு. எனக்கு அம்பது வயசுல நின்னு போச்சு. நின்னப்ப எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? கொடுத்து வச்சவ, இனிமே எந்த நாளும் கோயிலுக்குப் போகலாம்னாங்க. எந்த நாளும்! ஆறு வருஷம் ஆச்சு. காய்ச்சல் வந்தப்பகூட வாசல்ல உக்காந்து பழம் அடுக்கினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இன்னிக்கு நீ வேண்டாம், வீட்டுல இருன்னு யாரும் எனக்குச் சொல்லலை.”

முப்பது பேரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவார்த்தி இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. பேசிவிட்டோமே என்று அவளுக்கே தூக்கிவாரிப் போட்டதுபோல, கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ராஸ்தி மெல்லச் சொன்னாள். “எனக்கும் நிக்கப் போகுது, அக்கா. நேத்துத்தான் புரிஞ்சுது. நீ வேண்டாம், வீட்டுல இருன்னு எனக்கும் யாரும் சொல்லப்போறதில்ல. அதான் நானே சொல்லிக்கிட்டேன்.”

சுவார்த்தி எழுந்தாள். கத்தியை எடுத்தாள். “மேல் வரிசை யாரு கட்டுறா? அவ சொல்லிக்கொடுத்தாளாமே ரெண்டு பேருக்கு, அவங்க யாரு? முன்னாடி வாங்க” என்று கூட்டத்தைப் பார்த்து அதட்டினாள். அதன்பிறகு பொழுது சாயும்வரை ராஸ்தியின் பக்கம் திரும்பவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தர்சா கேட்டான். “இன்னும் யோசிக்கலாமே? படகு அடுத்த வாரமும் போகும்.”

“அடுத்த வாரம் எனக்கு லீவு இல்ல.”

“அண்ணி மாசக்கணக்குல பேசமாட்டாங்க.”

“பேசாம இருக்கட்டும். அவங்களுக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்.” சொல்லிவிட்டு ராஸ்தி தட்டைக் கழுவப் போனாள். பிறகு பயத்தோடுதான் பையில் துணி மடித்து வைத்தாள்: இரண்டு கைலி, இரண்டு சட்டை, மகள் விட்டுவிட்டுப் போன ஓலைத் தொப்பி. பயம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பைக்குள் அதற்கும் இடம் இருந்தது.

காலையில் கிழக்கு வெளுத்தபோது அவள் குளித்து முடித்திருந்தாள். தர்சா மற்ற ஆண்களோடு கறி நறுக்கக் கோயிலுக்குப் போய்விட்டான். ராஸ்தி பூத்தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுச் சன்னதிக்குள் போனாள். ஊதுபத்தி ஏற்றி, தட்டை வைத்து, தண்ணீர் தெளித்து, கைகூப்பி உட்கார்ந்து, போய்விட்டு வருகிறேன் என்று முன்னோர்களிடம் விடைபெற்றாள். பொய் சொல்லியிருந்தால் இந்த வாசற்படியைக்கூட மிதித்திருக்க முடியாது.

பிறகு பையை ஸ்கூட்டரில் மாட்டி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசல் குறுகலானது. இரண்டு பக்கமும் படி, நடுவில் ஒரு வண்டி மட்டும் ஏறி இறங்குகிற சாய்வு. அந்தச் சாய்வின் மேல் சுவார்த்தி உட்கார்ந்திருந்தாள். வெள்ளை ரவிக்கை, இடுப்பில் மஞ்சள் கச்சை, கொண்டையில் பூ. பழமும் பலகாரமும் அடுக்கிய கூடை பக்கத்தில் இருந்தது. இந்நேரம் அவள் கோயிலில் இருக்க வேண்டியவள்.

ராஸ்தி வண்டியை நிறுத்தினாள். பிரேக்கைப் பிடித்த கையை விடவில்லை. வழி விடுங்கள் என்று அவள் கேட்கவில்லை. திரும்பி உள்ளே தள்ளிக்கொண்டு போகவும் இல்லை.

“அங்க கோயில் இருக்கா?” என்று சுவார்த்தி தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நம்ம கோயில் இல்ல. மசூதி இருக்கு.”

“மரமுரசு?”

“கிடையாது.”

“கார் சத்தம்கூட இல்லன்னு சொல்றாங்களே.”

“கார் இல்ல. குதிரை வண்டிதான்.”

“அப்ப காலைல எதுக்கு எந்திரிப்ப?”

“தெரியலை, அக்கா. எந்திரிக்கலைன்னா படுத்திருப்பேன்.”

சுவார்த்தி கூடையின் மேல் பழம் ஒன்றைத் திருப்பி வைத்தாள். “படுத்திருந்தா யாராவது வந்து ஏன்னு கேக்கமாட்டாங்களா?”

“அங்க என்னை யாருக்குத் தெரியும்?”

கோயில் பக்கமிருந்து முரசு அடிக்கத் தொடங்கியது. தெருவில் கூடை சுமந்த பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். போகிறவர்கள் வாசலில் இருந்த இருவரையும் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல நடையை எட்டிப் போட்டார்கள்.

“படகு எட்டரை மணிக்கு, அக்கா” என்றாள் ராஸ்தி. “பாதங்பாய் போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.”

முரசு இரண்டாவது தடவை அடித்தது. சுவார்த்தி முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். சும்மாட்டைச் சரிசெய்து, கூடையைத் தூக்கித் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். சாய்விலிருந்து இறங்கி, வண்டிக்கு வழி விட்டு, கோயிலை நோக்கி நடந்தாள். ராஸ்தி பிரேக்கை விட்டு வண்டியைத் தெருவில் இறக்கினாள்.